முதுகுவலிக்கு அறுவைச் சிகிச்சை வேண்டுமா? முடிவெடுக்கும் முன் அறிய வேண்டியவை

முதுகுவலிக்காக மருத்துவமனைக்கு வருவோரில் பலர் கையில் ஒரு பெரிய உறையுடன் வருகின்றனர். அதனுள் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படம் இருக்கும். உடன் வரும் மனைவியோ மகனோ, "டாக்டர், ஆப்பரேஷன் செய்தே ஆக வேண்டுமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பின்னால் இரண்டு அச்சங்கள் உள்ளன. முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கையாகிவிடும் என்பது ஒன்று. அறுவைச் சிகிச்சை செய்யாமல் விட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்பது மற்றொன்று. பெரும்பாலானோரைப் பொறுத்தவரை இவ்விரண்டு அச்சங்களும் தேவையற்றவை. ஆயினும் ஒரு சிலருக்குத் தாமதம் உண்மையிலேயே கேடு தரும். நாம் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று அறிவதே முடிவெடுப்பதன் முதற்படி.

உலகெங்கும் 2020ஆம் ஆண்டில் சுமார் 61.9 கோடிப் பேர் இடுப்பு முதுகுவலியால் துன்புற்றதாக மதிப்பிடப்பட்டுள்ளது. நம் மாவட்டத்தில் இவ்வலியை அறியாத வீடு அரிது. விடியும் முன்னரே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் குனிந்து ரப்பர் பால்வெட்டுவோர், கடலில் வலை இழுப்போர், முந்திரி ஆலையில் நாள் முழுவதும் ஒரே இடத்தில் அமர்ந்து வேலை செய்யும் பெண்கள், வயலில் நாற்று நடுவோர், வாழைக்குலை சுமப்போர், பனையேறுவோர் என உழைப்பவர் அனைவருக்கும் இடுப்பே அச்சாணி. அது பழுதுபட்டால் குடும்பத்தின் வருமானமும் நின்றுபோகிறது. எனவே இம்முடிவை அச்சத்தினாலோ அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டோ எடுக்காமல், தெரிந்து எடுப்பது நல்லது.

மூவருக்கும் முதுகுவலி

மூன்று நோயாளிகளை எண்ணிப் பார்ப்போம். இவர்கள் விளக்கத்துக்காகக் கூறப்படுபவர்களே.

முதலாமவர் குளச்சல் பகுதி மீனவர், வயது 42. வலை இழுக்கும்போது இடுப்பில் 'பிடித்துக்கொண்டது'. எட்டு வாரங்களாக வலி பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கிக் கால்விரல் வரை மின்சாரம் பாய்வதுபோல் செல்கிறது. இருமினால் மிகுகிறது.

இரண்டாமவர் தோவாளைப் பகுதியைச் சேர்ந்த 67 வயது மூதாட்டி. கோயிலுக்கு நடந்துபோக முடியவில்லை. சிறிது தூரம் நடந்ததும் இரு கால்களும் கனத்து மரத்துப்போகின்றன. அமர்ந்தாலோ முன்பக்கமாகக் குனிந்தாலோ வலி தணிகிறது.

மூன்றாமவர் குலசேகரம் பகுதியைச் சேர்ந்த 35 வயதுப் பெண். மூன்று மாதங்களாக நடுமுதுகில் வலி. படுத்தாலும் ஓயாத வலி. மாலையில் லேசான காய்ச்சல். உடல் எடையும் குறைந்துவருகிறது.

மூவரும் சொல்லும் சொல் 'முதுகுவலி' என்பதே. ஆனால் நோய் ஒன்றல்ல. எனவே சிகிச்சையும் ஒன்றாக இருக்க முடியாது.

முதுகினுள் நடப்பது என்ன?

நம் இடுப்பு முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. இரண்டு எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்திருப்பது டிஸ்க். இதை 'ஜவ்வு' என்றும் சொல்வர். எலும்புகளுக்குப் பின்னால் உள்ள பாதை வழியே நரம்புகள் கால்களுக்குச் செல்கின்றன. டிஸ்க்கின் உட்பகுதி வெளியே பிதுங்கி ஒரு நரம்பை அழுத்தினால், வலி இடுப்பைவிடக் காலிலேயே மிகுதியாக இருக்கும். இதுவே 'சையாட்டிகா'. நம் மீனவருக்கு ஏற்பட்டிருப்பது இத்தகையது. முதுமையில் எலும்பும் தசைநாரும் தடித்து நரம்புப் பாதையே குறுகுவதும் உண்டு. மூதாட்டியின் நிலை அது.

இவ்விரண்டும் அல்லாமல், தசைப்பிடிப்பு, மூட்டுத் தேய்மானம், நெடுநேரம் குனிதல் ஆகியவற்றால் இடுப்பில் மட்டும் வலி உள்ளவர்களே மிகப் பலர். இவர்களுள் பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

ஸ்கேன் படத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம்

'டிஸ்க் பிதுங்கியுள்ளது', 'தேய்மானம்' என்று ஸ்கேன் அறிக்கையில் கண்டதும் பலர் மனம் உடைந்துபோகின்றனர். முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியானது. அவர்களுள் 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு டிஸ்க்கில் புடைப்பு இருந்தது. 27 விழுக்காட்டினருக்குத் தெளிவான பிதுக்கமே இருந்தது. இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்து 2015ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை, வலி ஏதும் இல்லாத 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் தென்படுவதைக் காட்டியது. தலைமுடி நரைப்பதுபோல் தேய்மானமும் பெரும்பாலும் வயதின் அடையாளமே.

ஆகவே மருத்துவர் படத்துக்குச் சிகிச்சை அளிப்பதில்லை. நோயாளி சொல்லும் வலியின் பாதை, காலின் வலிமை, உணர்வு ஆகியவற்றோடு படம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். ஒத்துப்போனால்தான் படத்துக்குப் பொருள் உண்டு.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

கீழ்க்காணும் அறிகுறிகளுள் ஏதேனும் ஒன்று தோன்றினால், இரவானாலும் விடுமுறையானாலும் அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

• சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், அல்லது சிறுநீரோ மலமோ தன்னை அறியாமல் வெளியேறுதல்.
• உட்காரும் இடம், பிறப்புறுப்பு, தொடையின் உட்புறம் ஆகியவை மரத்துப்போதல்.
• பாதத்தைத் தூக்க முடியாமை, செருப்பு காலிலிருந்து நழுவுதல், காலின் பலவீனம் நாளுக்கு நாள் மிகுதல்.
• மரத்திலிருந்து விழுந்தபின் அல்லது விபத்துக்குப்பின் முதுகில் கடும் வலி ஏற்படுதல். இவர்களை உட்காரவைக்கவோ தூக்கி நடத்தவோ கூடாது. அசைக்காமல் படுக்கவைத்து 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும்.

முதல் இரண்டு அறிகுறிகளும் தண்டுவடத்தின் கீழே குதிரைவால்போல் அமைந்துள்ள நரம்புக் கற்றை முழுவதும் அழுத்தப்படுவதைக் காட்டுபவை. இந்நிலையில் அழுத்தத்தை உடனே அகற்றாவிட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடக்கூடும். சிறுநீர் பற்றிப் பேச வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைப்பதால் வரும் இழப்பு மிகப் பெரிது. குடும்பத்தார் இதை வெளிப்படையாகக் கேட்டறிய வேண்டும்.

காய்ச்சல், எடை குறைதல், இரவிலும் ஓயாத வலி, முன்பு புற்றுநோய் வந்திருத்தல் ஆகியவை இருந்தால் சில நாட்களுக்குள் முழுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

கால்வலி உள்ளோர் காத்திருக்கலாமா?

மேற்கண்ட ஆபத்து அறிகுறிகள் இல்லாத சையாட்டிகா நோயாளிக்குக் காலம் நண்பனாகவே உள்ளது. பிதுங்கிய டிஸ்க் பகுதியை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துவிடுவதுண்டு. பலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் வலி நன்கு குறைகிறது.

அப்படியானால் அறுவைச் சிகிச்சையால் பயனில்லையா? நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களாகக் கடும் சையாட்டிகா உள்ள 283 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2007ஆம் ஆண்டில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு விரைவில் அறுவைச் சிகிச்சை செய்யத் திட்டமிடப்பட்டது. மற்றவர்கள் மருந்து, உடற்பயிற்சி ஆகியவற்றுடன் காத்திருந்தனர். தாங்க முடியாதபோது மட்டும் அறுவைச் சிகிச்சை. முதற்பிரிவினரின் வலி விரைவில் தணிந்தது. காத்திருந்தோரில் 39 விழுக்காட்டினர் பின்னர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டனர். எஞ்சிய 61 விழுக்காட்டினர் அது இன்றியே ஓராண்டைக் கடந்தனர். ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் குணமடைந்திருந்தனர்.

இதிலிருந்து நாம் அறிவது: அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் வலியற்ற நாளை விரைவில் கொண்டுவருகிறது, காத்திருப்போரும் பெரும்பாலும் அந்நாளை அடைகின்றனர். விரைவு எவ்வளவு தேவை என்பதை நோயாளியே சொல்ல வேண்டும்.

ஆனால் காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நான்கு முதல் பன்னிரண்டு மாதங்கள் வரை கால்வலி நீடித்த 128 பேரிடம் கனடாவில் நடத்தப்பட்டு 2020ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பின் அறுவைச் சிகிச்சை பெற்றோரின் வலியே தெளிவாகக் குறைவாக இருந்தது. மாதக்கணக்கில் முறையான சிகிச்சை எடுத்தும் வலி தீரவில்லையெனில், 'இன்னும் பொறுக்கலாம்' என்று தள்ளிப்போடுவதில் பயன் குறைவு.

சென்னையில் கிடைத்த விடை

இனி மூன்றாமவரைப் பார்ப்போம். காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த முதுகுவலியில் நம் நாட்டில் முதலில் ஐயுற வேண்டியது முதுகெலும்புக் காசநோய். எலும்பே அரிக்கப்படும் இந்நோய்க்கு, அழுகிய எலும்பை அகற்றி வேறு எலும்பு வைத்துக் கட்டுவதே சிறந்தது என்று ஒரு காலத்தில் பல மருத்துவர்கள் கருதினர். அது தேவைதானா என்ற கேள்விக்கு விடை தேடிய இடங்களுள் ஒன்று நம் சென்னை.

1956ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், நுரையீரல் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மருந்து உட்கொண்டு குணமாகலாம் என்று 1959ஆம் ஆண்டிலேயே உலகுக்குக் காட்டிய நிறுவனம். பின்னர் அது, கால்கள் செயலிழக்காத முதுகெலும்புக் காசநோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து ஆராய்ந்தது. ஒரு பிரிவினருக்குப் பெரிய அறுவைச் சிகிச்சையுடன் ஆறு மாத மருந்து. மற்ற இரு பிரிவினருக்கு அறுவைச் சிகிச்சை இல்லை; நடமாடிக்கொண்டே ஆறு மாதமோ ஒன்பது மாதமோ மருந்து மட்டும். பத்தாண்டுகளுக்குப் பின் கிடைத்த முடிவுகள் 1999ஆம் ஆண்டில் வெளியாயின. அறுவைச் சிகிச்சை பெற்றோரில் 90 விழுக்காட்டினரும், ஆறு மாத மருந்து மட்டும் எடுத்தோரில் 94 விழுக்காட்டினரும், ஒன்பது மாத மருந்து எடுத்தோரில் 99 விழுக்காட்டினரும் நல்ல நிலையில் இருந்தனர்.

எலும்பை அரிக்கும் நோய்கூட மாத்திரையால் ஆறுகிறது என்பது நோயாளிகளுக்குப் பெரும் ஆறுதல். எனினும் அதே ஆய்வு ஒரு விதிவிலக்கையும் கண்டது. 15 வயதுக்குட்பட்டவர்களில், தொடக்கத்திலேயே 30 பாகைக்கு மேல் கூன் விழுந்திருந்தோருக்கு, மருந்து மட்டும் எடுத்தபோது கூன் மேலும் கணிசமாக மிகுந்தது. எனவே அத்தகைய சிறுவர்களுக்கும், கால்கள் செயலிழந்து வருவோருக்கும் அறுவைச் சிகிச்சை பற்றித் தனியாக முடிவெடுக்க வேண்டியுள்ளது. ஒரே நோயிலும் ஆளுக்கு ஆள் விடை மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

இன்று நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய்க்கு வழக்கமாக 12 மாதங்களும், சிலருக்கு அதற்கு மேலும் மருந்து தரப்படுகிறது. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். வலி நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவதே பெருந்தவறு.

அறுவைச் சிகிச்சை எங்கே உதவும், எங்கே உதவாது?

நரம்பின்மேல் உள்ள அழுத்தத்தை நீக்குவதே பெரும்பாலான முதுகு அறுவைச் சிகிச்சைகளின் நோக்கம். எனவே அழுத்தத்தால் வந்த கால்வலி நன்கு குறைகிறது. மூதாட்டியைப்போல் நரம்புப் பாதை குறுகியவர்கள், உடற்பயிற்சியும் மருந்தும் பயன் தராமல் நடையே முடங்கிப்போனால், அறுவைச் சிகிச்சைக்குப்பின் மீண்டும் நடமாட வாய்ப்பு அதிகம். இந்நிலை பெரும்பாலும் மெதுவாகவே முற்றுவதால், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்திவிட்டு நிதானமாக முடிவெடுக்கலாம்.

நரம்பு அழுத்தமின்றித் தேய்மானத்தால் வரும் நாட்பட்ட இடுப்புவலி அப்படியன்று. இதற்கு எலும்புகளைத் திருகாணிகளால் இணைக்கும் அறுவைச் சிகிச்சையைப் பிரிட்டனில் 349 பேரிடம் தீவிர உடற்பயிற்சித் திட்டத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தனர். 2005ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவின்படி இரு பிரிவினரும் முன்னேறினர். அறுவைச் சிகிச்சையே மேலானது என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. எலும்பு இடம்பெயர்தல், முறிவு போன்ற காரணங்களுக்கு இச்சிகிச்சை தேவைப்படலாம். வெறும் இடுப்புவலிக்கு இதைப் பரிந்துரைத்தால் இரண்டாவது மருத்துவரின் கருத்தையும் கேட்பது முறையே. எந்த மருத்துவரும் இதனால் வருத்தமடையமாட்டார்.

டிஸ்க் அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோரில் பெரும்பாலோர் மறுநாளே எழுந்து நடக்கின்றனர். படுத்த படுக்கையாவது அரிது. எனினும் கிருமித்தொற்று, நரம்புறை கிழிதல், நரம்புக் காயம், அதே டிஸ்க் மீண்டும் பிதுங்குதல் ஆகியவை சிலருக்கு நேரலாம். கட்டுப்படாத சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் இந்த ஆபத்தை மிகுவிக்கின்றன.

அறுவையில்லாச் சிகிச்சை என்பது சும்மா இருப்பதன்று

காத்திருத்தல் என்பது பாயில் படுத்திருத்தல் என்று பலர் எண்ணுகின்றனர். கடும் வலியுள்ள ஓரிரு நாட்களுக்கு மேல் படுத்தே இருந்தால் தசைகள் தளர்ந்து குணமடைதல் தாமதமாகும். தாங்கும் அளவுக்கு நடப்பதும், இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சிகளை நாள்தோறும் செய்வதுமே சிகிச்சையின் முதுகெலும்பு. வலி மாத்திரைகளை மருத்துவர் சொன்ன நாட்கள் மட்டும் எடுக்க வேண்டும். மருந்துக்கடையில் தானே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகப் பழுதும் வரலாம். முதுகில் இடப்படும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குக் கால்வலியைச் சில வாரங்கள் தணித்து, பயிற்சி செய்ய வழிவகுக்கும். அது நிரந்தரத் தீர்வன்று.

வேலை செய்யும் முறையையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பால்வெட்டும்போது இடுப்பை வளைப்பதற்குப் பதிலாக முழங்காலை மடக்குதல், சுமையை உடலோடு ஒட்டி வைத்துத் தூக்குதல், முந்திரி ஆலையில் அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நிற்றல் போன்றவை சிறியன எனினும் பயன் மிக்கவை.

நம் மாவட்டத்தில் வர்ம ஆசான்களிடம் எண்ணெயிட்டுத் தடவிக்கொள்வது நெடுநாள் வழக்கம். தசைப்பிடிப்பில் மென்மையான தடவல் சிலருக்கு இதம் தருகிறது. ஆனால் கால் பலவீனம், மரத்துப்போதல், காய்ச்சல், எலும்புத் தேய்வு, புற்றுநோய், அண்மையில் அடிபட்ட காயம் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், அழுத்திப் பிடித்தலும் முறுக்குதலும் கேடு விளைவிக்கும். முதலில் நோய் இன்னதென்று அறிந்துகொள்ளுங்கள். வேறு மருந்து எடுத்துவருவதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். அதற்காக யாரும் கடிந்துகொள்ளமாட்டார்கள்.

குடும்பமாக அமர்ந்து முடிவெடுங்கள்

மருத்துவரிடம் வரும்போது கீழ்க்காணும் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வாருங்கள்.

1. என் வலிக்குக் காரணம் எது? ஸ்கேன் படமும் என் அறிகுறிகளும் ஒத்துப்போகின்றனவா?
2. இப்போது அறுவைச் சிகிச்சை செய்யாமல் காத்திருந்தால் என்ன நேரும்? எத்தனை வாரம் காத்திருக்கலாம்?
3. அறுவைச் சிகிச்சை செய்தால் எந்த வலி போகும், எந்த வலி மிஞ்சும்?
4. என் வயதுக்கும் என் பிற நோய்களுக்கும் ஏற்ப ஆபத்து எவ்வளவு?
5. என் தொழிலுக்கு எப்போது திரும்பலாம்?
6. செலவு எவ்வளவு? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இது அடங்குமா?

ஐந்தாவது கேள்வி எளிதாகத் தோன்றினாலும் குடும்பத்துக்கு முக்கியமானது. டிஸ்க் அறுவைச் சிகிச்சைக்குப்பின் கனமான வேலைக்குத் திரும்ப வழக்கமாக ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். நம் மீனவருக்கு ஆபத்து அறிகுறி இல்லை. அவர் சில வாரங்கள் பயிற்சியும் மருந்தும் எடுத்துப் பார்க்கலாம். வலி தீராவிட்டால், விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஜூன், ஜூலைத் தடைக்காலத்தில் அறுவைச் சிகிச்சையைத் திட்டமிடலாம். அல்லது, வலி தாங்க முடியவில்லை, விரைவில் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் கருதினால், இப்போதே செய்துகொள்வதும் தவறன்று. இரண்டுமே நேர்மையான முடிவுகள். மூதாட்டி, மீண்டும் கோயிலுக்கு நடந்து செல்வது தமக்கு எவ்வளவு முக்கியம் என்பதைத் தாமே சொல்ல வேண்டும். பிள்ளைகள் அவருக்காக முடிவெடுத்துவிடக் கூடாது. மூன்றாமவர், பரிசோதனையில் காசநோய் உறுதியானால், மருந்தைத் தவறாமல் எடுக்க வேண்டும். கால்களின் வலிமையும் கூனும் அவ்வப்போது கண்காணிக்கப்பட வேண்டும்.

முதுகுவலி உள்ளோரில் பெரும்பாலானவர்களுக்குச் சிந்திக்கப் போதிய காலம் உண்டு. அக்காலத்தைப் பயிற்சிக்கும் கேள்விகளுக்கும் பயன்படுத்துங்கள். ஆனால் சிறுநீர் அடைத்தாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ ஒரு நாளும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.